ஊருணிக்குக் கொடுத்த பங்கு

எங்கள் ஊர் ஊருணியைக் கெடுத்தது நான். பழி விழுந்தது என் அக்கா மேலே. எட்டு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க ஆரம்பித்தால் என் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருப்பேன், எனக்கு அது கைவந்த வேலை.

பெருமை பேச என்னிடம் சரக்கு இல்லாமலும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. சமஸ்தானம் போய் நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆன வருஷத்தில், குளத்தூர்ப் பக்கத்துப் பொட்டல்களில் செத்த மாட்டு எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாக்கில் கட்டித் தலையில் சுமந்துபோய், உரத்துக்கு எலும்பு அரைக்கிற வியாபாரியிடம் போடுவேன். நான் தெருவில் வந்தால், 'நாய்க்குப் போட்டியா ஒருத்தன் வாரான்டா' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். பத்து வருஷம் ஆகவில்லை, விராலிமலையில் திருச்சி மதுரை ரோட்டு மேலேயே, பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே உரக்கடை போட்டேன். புண்ணாக்கு, எலும்புத்தூள், அமோனியா. எனக்கு முந்தி அந்த வட்டாரத்தில் அமோனியாவைக் கண்ணால் கண்டவன் கிடையாது. சிரித்தவன் பிள்ளைகளே வந்து, 'அண்ணே, ஒரு மூட்டை எங்களுக்கு எடுத்து வச்சிருங்கண்ணே' என்று நின்றார்கள். யார் கையையும் பிடித்து மேலே வந்தவன் இல்லை நான். அக்கா கையைத் தவிர.

அப்பா, ஆத்தா இரண்டு பேரும் ஒரே வாரத்தில் காலராவில் போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். அவளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது வருஷம் புருஷன் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவளுக்கு ஊர் ஒரு வேலை கொடுத்தது. ஊருணிக் காவல்.

எங்கள் ஊர் முழுக்க வேதக்காரர்கள். மாதா கோவிலைச் சுற்றி எண்பது வீடு. எங்கே தோண்டினாலும் செம்பாறை, பாறைக்குக் கீழே போனால் உப்புத் தண்ணீர். மழைக்காலத்தில் மேட்டுச் சரளையில் விழுகிற தண்ணீர் ஓடிவந்து ஊருணியில் தேங்கும். அடுத்த மழை வரைக்கும் அதைத்தான் ஊரே குடிக்க வேண்டும். குளிக்க, துவைக்க, மாடு குளிப்பாட்ட வேறே குட்டை இருந்தது. ஊருணியில் ஒரு விரல் நனைக்க முடியாது. அதற்குத்தான் காவல். அறுவடை ஆனதும் வீட்டுக்கு இத்தனை படி என்று காவலுக்கு நெல் வந்துவிடும்.

அக்கா அதை நெல்லுக்காகச் செய்தவள் இல்லை. கையில் ஒரு வேப்பங்கம்பு. கரை ஏறுமுன் செருப்பைக் கழற்றியாக வேண்டும். குடத்தைக் கரையிலேயே கழுவி, கழுவின தண்ணீரை வெளிப்பக்கம் ஊற்ற வேண்டும். படிக்கல்லில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் குடத்தைச் சாய்க்க வேண்டும். இந்தக் கடைசி விதியை அவளாகச் சேர்த்தாள். சிரித்த பெண்களிடம், 'நீ கோவில்ல தீர்த்தத் தொட்டியில விரலை வைக்கயில சிலுவை போடுறியா இல்லையா? அந்தத் தண்ணி எங்கேருந்து போவுதுங்கிறே?' என்பாள். அது வாஸ்தவம். தினமும் விடிந்ததும் முதல் குடம் கோவிலுக்குப் போகும். சாமியார் வருகிற அன்று மந்திரித்தால் அது தீர்த்தம். பூசையில் திராட்சரசத்தில் விடுகிற சொட்டுத் தண்ணீரும் அதிலிருந்துதான்.

ஒருமுறை தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஒருவர், வெயிலில் நடந்துவந்த களைப்பில் முகம் கழுவப் படியில் இறங்கினார். அக்கா கம்பை நீட்டினாள்.

'அங்கிட்டே நில்லுங்க. செருப்பு யாரோடது, ஒங்க மாமனாரோடதா? கழட்ட மனசு வரலையோ?'

'நான் யார் தெரியுமா?'

'தெரியலையே. ஆனா தாகம்னு சொன்னா மொண்டு தாரேன். மொகத்தைக் கழுவணும்னா ஒங்க ஆபீசுக்குப் போங்க.'

மாதம் இரண்டு ஞாயிறு சைக்கிளில் வருகிற எங்கள் பங்குச் சாமியாரையும் அவள் விட்டதில்லை. அவர் ஒருநாள் வேடிக்கையாகக் காலை நனைக்கப் போனார். 'சாமி, கோவிலுக்குள்ள நீங்க ராசா. இங்கிட்டு நான்தான்' என்றாள். அவர் சிரித்துக்கொண்டே காலை எடுத்துக்கொண்டார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. என் அக்கா அல்லவா.

இனி, கெடுத்த கதை.

ஆடி மாசத்தில் எங்கள் கோவில் திருநாள். விதைப்புக்கு முந்தி வருகிற திருநாள் என்பதால், அன்று பூசை முடிந்ததும் விதைநெல்லும் உப்பும் மந்திரிப்பார்கள். மீமிசல் பக்கத்திலிருந்து கருவாட்டு வண்டியோடு வருகிற கல்லுப்பு. ஒவ்வொரு வீடும் ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து பீடத்துக்குக் கீழே வைக்கும். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அந்த உப்பில் ஒரு பிடி விதைநெல்லுக்கு, ஒரு பிடி மாட்டுத் தொட்டிக்கு, வயலின் நாலு மூலைக்கும் கொஞ்சம். கடைசியில் எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து அக்கா ஊருணியில் போடுவாள். ஊருணிக்குப் பங்கு என்று அதற்குப் பெயர். மந்திரித்த பொருள் எதுவானாலும் ஊருணிக்குப் பங்கு உண்டு. யார் ஏற்படுத்தினது என்று தெரியாது.

ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ, எனக்குப் பூச்சித்தூள் விற்கிற ஏஜென்சி கிடைத்தது. திருச்சியிலிருந்து பேன்ட் போட்ட ஒருவர் வந்து, சாம்பல் வெள்ளையாக, முடை நாற்றமடிக்கிற தூளை மூட்டை மூட்டையாக இறக்கினார். எப்படித் தூவுவது என்று காட்டினார். கையில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னார், காற்றுக்கு எதிரே நிற்காதே என்றார். போகிற போக்கில், 'குடிக்கிற தண்ணிப் பக்கம் மட்டும் கொண்டு போயிடாதீங்க, மீனெல்லாம் மிதந்துரும்' என்றார். நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது. இல்லை என்று நான் எந்த இடத்திலும் சாதிக்க மாட்டேன், விழுந்தது. ஆனால் பேன்ட் போட்டவன் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துவான் என்று அப்போது என் நினைப்பு. எலும்பைத் தொட்டால் சீக்கு வரும் என்று கூடத்தான் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லையே.

தூளை எவனும் வாங்கவில்லை. அமோனியா வாங்குகிறவனும் அதன் வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காலேஜ் படித்தவனுக்கு அப்படி ஒரு யோசனை வருமா? திருநாளன்று மாட்டு வண்டியில் கலர் காகிதம் ஒட்டி, மூன்று மூட்டைத் தூளை ஏற்றிக்கொண்டு, மேளத்தோடு ஊருக்குள் வந்தேன். மூட்டைகளை இறக்கி உப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தவர் நின்றுவிட்டார்.

'இது என்ன?'

'பயிருக்கு மருந்து சாமி. இந்த வருஷம் ஊருக்கே என் உபயம். விதைக்குத் தெளிக்கிறீங்க, உப்புக்குத் தெளிக்கிறீங்க, இதுக்கும் ரெண்டு துளி.'

'வெசமா?'

'பூச்சிக்கு மட்டும் சாமி.'

அவர் கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்தார். அதன் மேலே ஒரு மண்டையோடும் இரண்டு எலும்பும் அச்சடித்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழகிய படம்தான். சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தின் காலடியிலும், செத்தவர்களுக்காக வருகிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு விரிக்கிற கறுப்புத் துணியிலும் பார்த்ததுதான். முன்னால் நின்ற ஒரு கிழவி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமியார் மனசில்லாமல்தான் தெளித்தார். இரண்டு துளி, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பூசை முடிந்து வாசலில் நின்று வீட்டுக்கு ஒரு படி என்று நானே அளந்து போட்டேன். மூக்கைப் பொத்தியவனெல்லாம் மடியில் வாங்கினான். 'மந்திரிச்சதுடா, கீழே சிந்தாதே' என்று பிள்ளைகளை அதட்டினார்கள். சிலபேர் தூளை உப்பைப் போலவே நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடைசியில் அக்கா வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

'என்னடா தம்பி, ஊருக்கெல்லாம் அளக்குறே. ஊருணிக்குப் பங்கு?'

'ஒனக்கில்லாததா அக்கா.'

'ஊருணியில தண்ணி இறங்கிருச்சு. ஓரத்துல புழு நெளியுது. துணியில வடிகட்டிக் குடிக்கச் சொல்லியிருக்கேன். இதைப் போட்டா அது சாகுமாடா?'

சுற்றி ஆட்கள் இல்லை. மேளக்காரர்கள் மட்டும் தள்ளி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பேன்ட் போட்டவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்ததா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வந்தது. வந்து போய்விட்டது. அக்கா என் சரக்கைக் கேட்டு நிற்கிறாள், அவளிடம் போய் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

'ஒண்ணு மிச்சமிருக்காது அக்கா' என்றேன். சிட்டிகை இல்லை, பிடி இல்லை, ஒரு மரக்கால் நிறையக் கொடுத்தேன்.

அவள் அதை ஓலைப்பெட்டியில் வாங்கி, படிக்கல்லில் நின்று, சிலுவை போட்டு, நாலு திசைக்கும் வீசினாளாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலை விராலிமலைக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஊரே கரையில் நின்றது. தண்ணீர் தெரியவில்லை. கெண்டையும் குறவையும் வயிறு வெளுத்து மிதந்தன. தவளைகள் கரையோரம் காலை விரித்துக் கிடந்தன. இரண்டு கொக்கு ஈர மண்ணில் விழுந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தன. விடியக் காலையில் தண்ணீர் எடுத்தவர்கள் வீட்டில் வாந்தி. இரண்டு பெண்களுக்குக் கைகால் உதறல் எடுத்து வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் பிழைத்து வந்தார்கள். அதற்காக நான் மாதாவுக்கு முழங்காலில் நடந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கோவில் வாசலில் ஊர்க்கூட்டம். சாமியார் தம் ஊருக்குப் போய்விட்டார். நாட்டாண்மை நாற்காலியில், மற்றவர்கள் தரையில். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். உரக்கடை முதலாளி அல்லவா. அக்கா நின்றாள்.

'ஊருணியில என்ன போட்டே?' என்றார் நாட்டாண்மை.

'மந்திரிச்ச தூளைப் போட்டேன்.'

'எவ்வளவு?'

'ஒரு மரக்கால்.'

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. 'பங்குன்னா சிட்டிகைதானே! மரக்கால் போட யாரு சொன்னா?'

'ஒரு விரலை வச்சா கம்பைத் தூக்குவாளே, இப்ப எவன் கம்பைத் தூக்குறது?' என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

நாட்டாண்மை மறுபடியும் கேட்டார். 'யாரு சொல்லிப் போட்டே?'

அக்கா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. சின்ன வயசில் நான் எதையாவது திருடித் தின்றுவிட்டு நிற்கும்போது, நானாகச் சொல்கிறேனா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. திருநாளை நம்பி வரவழைத்த இரண்டாவது லாரித் தூள் அந்த வாரம்தான் கடையில் இறங்கியிருந்தது. இந்தத் தூள் குடிதண்ணீரைக் கொல்லும் என்று என் வாயாலேயே சொன்னால், ஒரு படி விற்காது. நாய் என்று சிரித்த வாயெல்லாம் மறுபடி சிரிக்கும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'நானாத்தான் போட்டேன்' என்றாள் அக்கா.

காவலை அங்கேயே பறித்தார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, அபராதம் போடவில்லை. முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்கள், அதுதான். போகும்போது என்னிடம், 'ஒங்களுக்குத்தான் மொதலாளி சங்கடம், என்ன செய்யிறது, கூடப் பொறந்தது' என்று ஆறுதல் வேறு சொன்னார்கள். நான் தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு நான் செய்தது எதுவும் குறைவில்லை. என் ஆட்களை விட்டு ஊருணியை இறைத்தேன். முழங்கால் ஆழத்துக்குச் சேற்றை வெட்டி, வண்டி வண்டியாக அள்ளித் தூரத்துத் தரிசில் கொட்டினேன். இந்த வட்டாரத்தில் தனி ஆளாக நின்று ஓர் ஊருணியைத் தூர்வாரினவன் யார் என்று கேட்டால் என்னைத்தான் சொல்ல வேண்டும். சொன்னார்கள். நோட்டீஸ் அடித்துப் பாராட்டினார்கள். மழை வரைக்கும் பக்கத்து ஊர்க் கிணற்றில் மொண்டோம். ஐப்பசியில் நல்ல மழை, ஊருணி நிறைந்தது. எல்லோரும் பார்க்க நானே முதல் குடம் மொண்டு குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டேன். வாடை கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

ஆனால் மழை விட்ட சாயங்காலம் தவளைச் சத்தம் இல்லை. எங்கள் ஊரில் முதல் மழை விழுந்தால் பேசுவது காதில் விழாது, அப்படிக் கத்தும். அந்த வருஷம் ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தவளை ஒருவேளை திரும்பியிருக்கும். திரும்பாமல் போனது வேறே. புதிதாகக் காவலுக்குப் போட்டவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு புளியமரத்தடியில் தூங்குவான். முதலில் எவனோ கால் கழுவினான். ஏன் என்று கேட்டதற்கு, 'கெட்ட தண்ணிதானே' என்றான். அடுத்து ஒருத்தி துணியை அலசினாள். கெட்ட தண்ணிதானே. அப்புறம் மாடு, அப்புறம் சைக்கிள், அப்புறம் எருமை உள்ளேயே படுத்தது. நான் போட்ட விஷம் இரண்டு மழையில் போயிருக்கும். இந்த ஒரு வார்த்தை போகவில்லை. தண்ணீர் வருகிற மேட்டுச் சரளையை ரோடு போட என்று வெட்டி எடுத்தார்கள், குழியில் நிறைந்த தண்ணீர் ஊருணிக்கு வரவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. கோவிலில் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வந்தது.

கோவிலுக்குள் நாங்கள் எச்சில் துப்ப மாட்டோம். வாசல்படி தாண்டினதும் துப்புவோம். சர்வேசுரன் வாசல்படிக்கு உள்ளே மட்டும்தான் இருக்கிறார் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே அப்படி வைத்துக்கொண்டோம். அக்கா ஒருத்திதான் அந்தப் படியை ஊருணிக் கரைவரைக்கும் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். அவளை எடுத்துவிட்டோம். அவளோடு அதுவும் போனது.

குடிதண்ணீருக்கு அவளும் பக்கத்து ஊருக்குத்தான் நடந்தாள். இரண்டு மைல். அந்த ஊர்ப் பெண்கள் எடுத்து முடிக்கிறவரை தள்ளி நிற்க வேண்டும், யாராவது ஊற்றினால் உண்டு. அங்கேயும் கதை தெரியும். 'ஊருணிக்காரி வாரா, குடத்தைத் தள்ளி வச்சுக்கங்கடி' என்பார்களாம். நான் பீப்பாய் வைத்த வண்டியில் தண்ணீர் அனுப்பினேன். வாசலில் நின்ற வண்டியை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று கேட்பாள். அதற்கு மேலே ஒரு வார்த்தை வராது.

கடை வளர்ந்தது. அந்தத் தூள்தான் வளர்த்தது. எங்கள் ஊர்க்காரர்களே வாங்கினார்கள். நெல்லில் பூச்சி செத்ததைக் கண்ணால் பார்த்தார்கள் அல்லவா. ஊருணி செத்ததையும் அதே கண்ணால்தான் பார்த்தார்கள், அது அக்காவின் கைப்பிசகு என்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அப்படி ஒதுக்கிவைக்க வழி செய்து கொடுத்தவன் நான்.

அறுபத்துநாலு வாக்கில், தபசு காலத்தில், செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வருஷா வருஷம் போகிறவன்தான், இதைச் சொன்னதில்லை. பழைய சாமியார் மாறி இளவயசுச் சாமியார் வந்திருந்தார். முழுக்கக் கேட்டார்.

'பத்துக் கற்பனையில எந்தக் கட்டளையை மீறினதாச் சொல்றீங்க?'

'தெரியலை சாமி. பத்தையும் விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். தண்ணியைக் கெடுக்காதேன்னு ஒண்ணும் இல்லை.'

'ஒங்க அக்கா மேலே பொய்ப்பழி விழவிட்டீங்க. அது இருக்கு. எந்த வாசல்ல பேரு கெட்டுச்சோ அந்த வாசல்லயே போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வாங்க.'

'தண்ணிக்கு என்ன சாமி பிராயச்சித்தம்?'

'அது எனக்கும் தெரியலைங்க' என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அடுத்த ஆடித் திருநாளில் சொன்னேன். பூசை முடிந்து உப்பு மந்திரித்த பிறகு, வாசலில் எல்லாரையும் நிற்கச் சொன்னேன். அதே நாட்டாண்மை, வயசாகிக் காது மந்தம். மேடை கண்டால் கால் கூசாத நான், அன்று படி ஏறாமல் தரையில் நின்றே சொன்னேன்.

'ஊருணியில தூளைப் போடச் சொன்னது நான்தான். மரக்கால்ல அளந்து குடுத்ததும் நான்தான். தண்ணிப் பக்கம் கொண்டு போகாதேன்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. அக்கா மேல தப்பு இல்லை.'

கல்லால் அடிப்பார்கள் என்று நினைத்து வந்தேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். ஓர் இளவட்டம் பக்கத்தில் நின்றவனிடம், 'எந்தத் தூளுடா?' என்று கேட்டது. அந்தப் பக்கமிருந்து ஒருத்தர், 'அட விடுங்க மாமா, அது எந்தக் காலத்துக் கதை' என்றார். விஷயத்தை நாட்டாண்மை காதில் கத்திச் சொன்னார்கள். அவர் யோசித்துவிட்டு, 'சரிங்க மொதலாளி, இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?' என்றார்.

'காவலை அக்காவுக்கே திருப்பிக் குடுக்கணும்.'

'எதைக் காக்க, எருமையையா?' என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு இல்லை அது. நாட்டாண்மையும் சிரித்துக்கொண்டு, 'குடுத்தாச்சு போங்க' என்று கையை வீசினார். கூட்டம் கலைந்தது. கலைகிற கூட்டத்திலிருந்து இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள்.

'அண்ணே, டின்ல வருதாமே புது மருந்து, இதைவிட வேகமாமே. ஒங்க கடைக்கு வந்திருச்சா?'

அக்கா திருநாளுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. எதிரே உட்கார்ந்தேன்.

'சொல்லிட்டேன் அக்கா. சாமியாரு சொன்னபடி ஊர்ல எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன்.'

'கேள்விப்பட்டேன். இப்பத்தான் ஒருத்தி ஓடியாந்து சொன்னா.'

'காவலையும் ஒனக்கே குடுத்துட்டாங்க.'

அவள் ஒரு கடலையை உடைத்து, பருப்பு சொத்தையா என்று பார்த்து, தூக்கி எறிந்தாள்.

'அன்னிக்கு நீ சொல்லியிருந்தா, என்னையும் ஒன்னையும் சேத்துத் திட்டியிருப்பாங்க. திட்டிட்டு, அந்தத் தூளைத் தொடாம இருந்திருப்பாங்க. அதுக்காகத்தான்டா ஒன் மொகத்தைப் பாத்தேன். என் காவல் போவுதேன்னு பாக்கலை.'

நான் கீழே கிடந்த கடலைத் தோலைக் கூட்டி ஒதுக்கினேன்.

'சரி. சாமியாரு சொன்னதைச் செஞ்சுட்டே. நான் ஒண்ணு கேக்குறேன், செய்வியா?'

'சொல்லு அக்கா. எதுனாலும்.' அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான் பேசியது.

'கடையில பூச்சித்தூளை நிறுத்துறியா? புண்ணாக்கு வித்துக்க, எலும்பு வித்துக்க. அந்தத் தூளை விட்டுடு.'

நான் நிறையச் சொன்னேன். எட்டுப் பேர் என்னை நம்பிப் பிழைக்கிறார்கள் என்றேன். நான் விட்டால் எதிர்ச்சாரியில் இன்னொருத்தன் ஏஜென்சி எடுப்பான், அவன் எங்கே போடுவது எங்கே போடக்கூடாது என்றுகூடச் சொல்ல மாட்டான், நானாவது இனிமேல் சொல்லி விற்பேன் என்றேன். சர்க்காரே வாங்கச் சொல்கிறது என்றேன். ஊரே கேட்கிறது, இப்போதுதான் இரண்டு பேர் வழியில் மறித்துக் கேட்டார்கள் என்றும் சொன்னேன். எல்லாம் நிஜம். அக்கா கடலை உடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

'அப்ப நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்டா' என்றாள். கோபமில்லை. 'சொன்னதுனால ஒனக்குப் பாரம் இறங்கிருச்சு. அவ்வளவுதானே. போயிட்டு வா. வெயிலுக்கு முந்திப் போ.'

எனக்குப் பாரம் இறங்கவும் இல்லை. அதை அவளிடம் சொல்லத் தைரியம் வராமல் எழுந்தேன்.

மறுநாள் திருச்சியிலிருந்து லாரி வந்தது. டின் மருந்து, முதல் தடவையாக. விராலிமலையில் அதை முதலில் இறக்கியவன் நான்தான்.